செவ்வாய் வியாழன் விக்கல்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன், ஒரு கொத்தை உருவி முறத்தில் போட்டுவிட்டுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு வரி, அடுத்த கொத்தை உருவியதும் அடுத்த வரி, அதனால் நோட்டில் அங்கங்கே பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது கீரை, எழுத்து இல்லை, தட்டிவிட்டுப் படித்துக்கொள்ளவும். பிள்ளை தூங்குகிறாள். அத்தை வெளியே போயிருக்கிறார்கள். எங்கே போயிருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டிமீனா. எட்டாவது வரைக்கும் படித்தேன். பஸ்ஸில் நான் இறங்குகிற இடம் வந்தால் ‘இறங்கணும்’ என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் வேல்ராஜ் நாக்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறார், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வீட்டில் நானும், மூணு வயசு தன்விகாவும், என் மாமியார் குருவம்மா அத்தையும்தான். அத்தை பேசினால் தெருமுனைக் குழாயில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும். நான் பேசினால் எனக்கே கேட்காது.

எங்கள் நெல்லிமலைப்புதூரில் மலையடியில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதில் போன வருடம் ‘புனைவில்லா இலக்கியம்’ என்று ஒரு சான்றிதழ் படிப்பு ஆரம்பித்தார்கள். கதையாகவும் இருக்கக் கூடாது, பேப்பர் செய்தி மாதிரி வறட்டு வறட்டு என்றும் இருக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடியே, ஆனால் படிக்கிறவனுக்கு வாயூறுகிற மாதிரி எழுத வேண்டும், அதுதான் படிப்பு. கல்லூரிப் பெண்கள் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்களாம். அதனால் ஜெசிந்தா மேடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஊருக்குள் வீடு வீடாக வந்து, எழுதத் தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்தார். நான் குழாயில் குடம் வைத்துக்கொண்டு நின்றேன். “எழுதத் தெரியுமாம்மா? வர்றியா?” என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வேண்டும், சரி என்று சொல்லத் தலை போதும். ஆட்டிவிட்டேன். அப்படித்தான் நான் கல்லூரிக்குப் போனேன், செவ்வாயும் வியாழனும், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும், அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “போ போ, கலெக்டரம்மா போறாங்க, வழி விடுங்க” என்று தெருவுக்கே சொல்லி அனுப்ப.

இரண்டாவது வாரம் மேடம், ஊரில் யாரைப் பற்றியாவது கூட்டாமல் குறைக்காமல் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பி.ஏ. படிக்கிற அபிதா டீக்கடை காஜா பாயைப் பற்றி எழுதி, எழுந்து நின்று வாசித்தாள்: காஜா பாய் ஊருக்கெல்லாம் டீ ஆற்றுகிறார், தான் மட்டும் டீ குடிப்பதில்லை, எதிர்க்கடையிலிருந்து சிவப்புப் பிளாஸ்க்கில் காபி வாங்கிச் சாக்குப் பைக்குப் பின்னால் வைத்துக் குடிக்கிறார். அவள் வாசித்த அதே நேரத்தில், அரை மைல் தள்ளி, கடையில் நின்றிருந்த காஜா பாய்க்கு விக்கல் எடுத்தது.

எங்கள் ஊரில் யாருக்காவது விக்கல் எடுத்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பட்டென்று “என்னத்தத் திருடித் தின்ன?” என்று அதட்டுவோம், அந்த அதிர்ச்சியில் விக்கல் நின்றுவிடும், அப்படி ஒரு பழக்கம். கடையில் இருந்தவர்களும் அப்படியே அதட்டினார்கள். காஜா பாய் வெலவெலத்துப்போய், “திருடலப்பா, காசு குடுத்துத்தான் வாங்கினேன்!” என்று பிளாஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். அப்படியும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தார், சர்க்கரை போட்டுக்கொண்டார், மூச்சை அடக்கினார், தலைகீழாகக் குனிந்தார். இரண்டு விக்கல் சேர்ந்தாற்போல், ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்று என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. நாலு மணிக்கு வகுப்பு விட்டு அபிதா அந்தப் பக்கம் வந்தவள், “பாய், உங்களப் பத்தி இன்னைக்கு இப்படி எழுதினேன், கோவிச்சுக்காதீங்க” என்று சொன்னாள். பாய் பிளாஸ்க்கைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார், “ஆமாம்மா, அப்படித்தான்” என்றார். விக்கல் நின்றது.

அதற்கப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கும் யாருக்காவது எடுத்தது. எழுதியது நிஜமாக இருந்தால் எழுதப்பட்டவருக்கு விக்கல், அவர் வாயால் ‘ஆமா’ என்றால் நிற்கும், பொய்யாக இருந்தால் ஒன்றுமே வராது. ஊருக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் பழக்கதோஷத்தில் எல்லோரும் எல்லோரையும் “என்னத்தத் திருடின?” என்று அதட்டிக்கொண்டே இருந்ததில், ஒரு ஏணியும், இரண்டு சேவலும், நாலு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன கோயில் மைக்கும் திரும்பி வந்துவிட்டன.

பிடிபட்ட பிறகு ஊர் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. செவ்வாய் வியாழன் மத்தியானம் சலூனில் கத்தி எடுப்பதில்லை. மினி பஸ் டிரைவர் அந்த இரண்டு மணி நேரத்தில் வாயில் பாக்கு போடுவதில்லை. ஜாக்கெட் தைக்கிறவர் அளவெடுப்பதை நாலு மணிக்கு மேல் தள்ளி வைத்தார். நாதஸ்வரக்காரர் அந்த நாளில் முன்பணம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாலு மணி அடித்ததும் கல்லூரி கேட்டில் விக்கிக்கொண்டே ஒரு வரிசை நிற்கும், பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, நாங்கள் நோட்டோடு வெளியே வந்து அவரவர் வரியைப் படித்துக் காட்டுவோம், அவர்கள் முகம் சுருங்கி, அப்புறம் சிரிப்பு வந்து, “ஆமா, அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரிடம் சொல்லிவிட்டு எழுத வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் பாடத்தில் ஒரு பெரிய பகுதி இருக்கிறது, மற்ற ஊர்களில் அதை மூன்று வாரம் விவாதிப்பார்களாம். எங்கள் ஊரில் விவாதிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

கொஞ்ச நாளில் விக்கல் ஒரு மரியாதையாக ஆகிவிட்டது. விக்கல் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைப் பார்த்து, “உங்களுக்கு இன்னும் வரலயா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஊராட்சித் தலைவர் வகுப்புக்கு ஒரு கூடை வடை அனுப்பினார். வடை சாப்பிட்டவர்கள் எல்லாம் அவரைத் தங்கம், சிங்கம், வள்ளல் என்று எழுதினார்கள். தலைவர் சொம்பில் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் வடை சாப்பிடாத அபிதா, தலைவர் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கும்பிட்டுப் பழகுகிறார், இடது கை கொஞ்சம் இறங்கிவிடுகிறது, சரி செய்துகொண்டு மறுபடியும் கும்பிடுகிறார் என்று எழுதினாள். ஒரு திறப்பு விழாவில் ரிப்பனுக்கு முன்னால் நின்றிருந்த தலைவருக்கு எடுத்தது பாருங்கள் ஒரு விக்கல், கத்தரிக்கோல் துள்ளி விழுந்தது. “வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!” என்று மைக்கிலேயே சொன்னார்.

எனக்கு மட்டும் ஒன்றும் சரியாக வரவில்லை. நான் எழுதியதால் யாருக்கும் விக்கல் எடுக்கவில்லை, என்னைப் பற்றி யாரும் எழுதாததால் எனக்கும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றி, ‘பொறுமையானவர், பாசமானவர்’ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு ஆசையாகப் போன் போட்டேன். “என்னங்க, ரெண்டரை மணி வாக்குல விக்கல் வந்துச்சா?” “இல்லயே. தும்மல் வந்துச்சு, மொளகாப்பொடி.”

மேடம் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதுல உன் வீட்டுக்காரர் எங்கம்மா? இதை எடுத்து எந்த வீட்டுக்காரருக்கும் ஒட்டலாமே” என்றார். எனக்கும் தெரிந்தது. ஆனால் யாரையும் நேராகப் பார்த்துப் பழகாதவள் நான், எதைப் பார்த்து எழுதுவேன்?

கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. பரீட்சை என்றால் பேப்பர் கிடையாது. நாம் எழுதி வாசித்த ஆளுக்கு ஒரு தடவையாவது விக்கல் எடுக்க வேண்டும், எடுத்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் அடுத்த வருடப் படிப்பு. அந்த நேரத்தில்தான் அத்தை ரேஷன் கடையிலிருந்து கோபமாக வந்தார்கள். அங்கே பெண்கள் எல்லாம் தங்கள் விக்கலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். “குருவம்மா, ஒம் மருமகதான் அங்க படிக்குது, ஒனக்கு ஏன் ஒண்ணும் வரல?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

“ஏத்தா மீனா,” என்றார்கள் சீனிப் பையைக் கீழே வைத்துவிட்டு. “பால்காரனுக்கு விக்குது. சலூன்காரனுக்கு விக்குது. போஸ்ட்மேனுக்கு ரெண்டு தடவ. நாலு வருசமா ஒரே வீட்டுல ஒங்கூட இருக்கேன், என்னப் பத்தி எழுத ஒனக்கு ஒரு வரி இல்ல?”

நான் சீனிப் பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

“பரீட்சைக்குள்ள என்னைய விக்க வையி. வச்சிட்டா அடுத்த வருசமும் புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ படி. இல்லாட்டி அந்த நோட்ட மூடிப் பரண்ல போட்டுரு. யாரோ எவரோன்னு இருக்கிறவளுக்கு நான் எதுக்கு ஆயா வேல பாக்கணும்?”

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்கு வேறு ஆள் கிடையாது. அன்று மத்தியானமே எழுதினேன். எங்கள் அத்தை என்னைப் பெற்ற மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள், குத்துவிளக்கு மாதிரி இருப்பார்கள் என்று எழுதி வகுப்பில் மெதுவாக வாசித்தேன். வீட்டுக்கு வந்தால் அத்தை சொம்புத் தண்ணீரோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். “ஒண்ணுமில்ல,” என்றார்கள், தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்கள்.

அடுத்த வாரம் கோபம் வந்துவிட்டது எனக்கு. நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். என் அத்தைக்கு என்னைப் பிடிக்காது, கல்நெஞ்சு, பிறந்த வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாளே போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லி விரட்டுவார்கள் என்று எழுதி வாசித்தேன். அதுதான் நிஜம், கட்டாயம் விக்கும் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து கேட்டால், “ரெண்டு நாப்பதுக்கு ஒரு ஏப்பம் வந்துச்சு” என்றார்கள். ஏப்பம் கணக்கில் வராது என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஏமாற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அத்தைக்கு என்னைப் பிடிக்காது என்பது பொய்யா? நாலு வருடமாக நான் அதை அல்லவா நம்பிக்கொண்டிருக்கிறேன்!

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். தன்விகா வந்தாள். நேராக உள்ளே ஓடிவராமல் நிலைப்படியில் நின்றாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், “க்கும்” என்று கனைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே வந்து ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குச் சிரிப்பு. “யாருடி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?” என்றேன். கேரட்டைக் கடித்துக்கொண்டே போய்விட்டாள்.

சிறிது நேரம் கழித்து நிலைப்படியில் மறுபடியும் “க்கும்” என்று கேட்டது. பிள்ளைதான் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அத்தை நின்றிருந்தார்கள், கை இரண்டும் பின்னால். என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளே வந்து, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் போனார்கள்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நாலு வருடமாக தினமும் ஐந்தாறு தடவை கேட்ட சத்தம் அது, சளி என்று நினைத்திருந்தேன். வெங்காயம் பாதியில் கிடக்க, நோட்டை எடுத்து எழுதினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. என் முறை வந்தபோது எழுந்து நின்றேன், நோட்டு முகத்தை மறைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வாசித்தேன்: “எங்கள் அத்தையின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் நான் அடுப்படியில் இருந்தால், அவர்கள் கட்டிய வீட்டில், அவர்கள் பூசிய அடுப்புக்குப் பக்கத்தில் வருவதற்கு, நிலைப்படியில் நின்று தொண்டையைக் கனைத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் பயப்படுகிற எனக்கு, என்னைப் பார்த்துப் பயப்பட ஒரு ஆள் எங்கள் வீட்டிலேயே இருப்பது நேற்றுவரை தெரியாது.”

அப்போது அத்தை பிள்ளையோடு ரேஷன் கடையில், கைரேகை மெஷினில் விரல் வைத்திருந்தார்கள். எடுத்தது விக்கல். விரல் தள்ளிப்போய் மெஷின் ‘பொருந்தவில்லை’ என்றது. மறுபடி வைத்தார்கள், மறுபடி விக்கல், மூன்றாவது தடவை மெஷினே நின்றுவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம், “குருவம்மாக்கு வந்துருச்சுடீ!” என்று குலவை போட்டார்கள். குலவைச் சத்தம் எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வந்தது. மேடம் சிரித்துக்கொண்டே என் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

நாலு மணிக்கு கேட்டில் அத்தை பிள்ளையோடு நின்றார்கள். “படி,” என்றார்கள். “விக்! என்ன எழுதுன, படி.” படித்தேன். ‘ஆமா’ என்பார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அத்தை முந்தானையை உதறி இடுப்பில் சொருகினார்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல. சளி,” என்றார்கள். உடனே ஒரு விக்கல் வந்து, இடுப்பிலிருந்த பிள்ளையே ஒரு சாண் எழும்பி இறங்கினாள்.

வியாழன் முழுக்க விக்கினார்கள். வெள்ளி முழுக்க விக்கினார்கள். கோழிகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. காஜா பாய் வந்து, “ஒரு வார்த்தைதான குருவம்மா, சொல்லிப்புடு, நான் பிளாஸ்க்கையே ஒத்துக்கிட்டேன்” என்றார். “நீ காபிக்காரன், நீ… விக்! பேசாத,” என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

சனிக்கிழமை காலை அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நிலைப்படியில் ‘க்கும்’ வரவில்லை. “விக்!” என்று வந்தது. நான் திரும்பாமலேயே, எங்கிருந்து வந்தது அந்த தைரியம் என்று தெரியவில்லை, “உள்ள வாங்கத்தே, எங்கிட்ட என்ன கேள்வி” என்றேன்.

வந்து அம்மிமேல் உட்கார்ந்தார்கள்.

“நீ வாயத் தொறந்து சண்ட போட்டா எனக்கு பயமில்லத்தா. பேசாமயே இருக்கியா, உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கியோன்னு… விக்! படிச்சிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு நாக்பூருக்கே ரயிலேறிருவியோன்னு. ஒங்க வீட்டுக்குப் போனாலும் மூணாம் நாளு திரும்பி வருவியோ மாட்டியோன்னு ஆயிருது, அதான் போன் போடுறது.” தோசை ஒரு பக்கம் கருகியது. “ஆமா. பயந்தான். அப்படித்தான்.”

விக்கல் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கருகின தோசையை எனக்கென்று ஒதுக்கினேன், அத்தை அதை என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றார்கள்.

தின்றுகொண்டே, “ஒனக்கு எத்தன தடவ விக்குச்சு?” என்று கேட்டார்கள்.

“எனக்கு வந்ததே இல்லத்தே. என்னப் பத்தி யாரு எழுதுவா?”

அத்தை மெல்லுவதை நிறுத்தினார்கள். “இம்புட்டுப் பேருக்கு வந்திருக்கு, ஒனக்கு ஒண்ணுகூடவா இல்ல?” என்று கேட்டார்கள்.

இதெல்லாம் நடந்தது போன வருடம். இந்த வருடம் இரண்டாம் படிப்பில் நான் இருக்கிறேன், அதற்கு இப்போது வெள்ளிக்கிழமை வகுப்பு. முதல் படிப்பில் இந்தத் தடவை எழுதத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல அபிதா எழுதிக்கொள்வாள். அதில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்று செவ்வாய். ஒன்றரைக்கே தலைக்கு எண்ணெய் வைத்து, என் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு கிளம்பினார்கள், நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “போங்க, கலெக்டரம்மா போறாங்க” என்று சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன், எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இந்தக் கீரையில் பாதி ஆய்ந்தபோது, மணி மூன்று இருக்கும், எனக்கு ஒரு விக்கல் வந்தது. மத்தியானக் குழம்பின் காரம் என்று நினைத்தேன். இரண்டு சேர்ந்தாற்போல், ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்று. மேலே சில வரிகளில் எழுத்து கோணிக்கொண்டு போயிருப்பது அதனால்தான். என்ன சொல்லியிருப்பார்கள்? பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குவதையா, அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளையைத் தூங்கவைக்கும்போது மட்டும் நான் பாடுவதையா? என்ன வரி என்று தெரியாமலேயே ‘ஆமா’ என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது, ஆனால் சொன்னால் நின்றுவிடும், இத்தனை வயசில் முதல் தடவையாக எனக்கென்று வந்ததை அவ்வளவு சீக்கிரம் நிறுத்த மனசு வரவில்லை, அதனால் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு விக்கிக்கொண்டே ஆய்கிறேன், ஆய்ந்துகொண்டே எழுதுகிறேன், வகுப்பு விட்டுவிட்டது போல, தெருமுனையிலிருந்து அத்தையின் குரல் வருகிறது, “ஏத்தா மீனா! விக்குதா? ஏய், விக்குதா இல்லியா, வெளிய வந்து சொல்லு!” என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகூட எழுந்துவிட்டாள், இந்தக் கடைசிக் கொத்தை மட்டும் உருவிப் போட்டுவிட்டு நான் போய் அவர்களிடம் ‘விக்குதுத்தே’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.